‘ஆமா, அதைத்தான் சொன்னேன்’

“நான் கர்நாடகாவுக்காகப் பேச மாட்டேன் சார். இன்டர்னல் மார்க்கைக் குறைச்சாலும் பரவால்ல.”

வகுப்பு விவாதத்தில் கர்நாடகத்தின் பக்கம் பேசச் சொன்ன பேராசிரியரிடம், தலைஞாயிற்றுப் பையன் எழுந்து நின்று இதைச் சொன்னது 2018 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. மூன்று நாள் முன்னால், 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் நான் அப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. வகுப்பில் பதினெட்டுப் பேர். அன்று காலை யாருக்கும் பாடம் ஓடவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்குத் தரச் சொன்ன 192 டிஎம்சி, 177.25 ஆகிவிட்டது. குறைந்தது 14.75. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிறந்தவனுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவன் மறுத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழர்களின் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது அவன் சித்தப்பா அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். இரண்டு நாள் ஷட்டரை உள்ளே இருந்து பூட்டிக்கொண்டு, விற்காமல் கிடந்த பன்னைத் தின்றுகொண்டு கிடந்தார். அந்த இரண்டு நாளும் இவன் அம்மா சோறு பொங்கவில்லை.

சார் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. தீர்ப்பின் நகலில் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். “படி. வியாழக்கிழமை வந்து முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு.”

எங்கள் துறையில் வியாழக்கிழமை கடைசி இரண்டு மணி நேரம் விவாதம். பாடத்திட்டத்தில் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. பல வருடங்களாக சார் நடத்திவந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பரபக்கம்’. சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளால் ஆனது. முதலில் பரபக்கம், அடுத்தது சுபக்கம். மற்றவர் கொள்கை என்ன என்பதை ஒழுங்காக எடுத்துச் சொல்லி, அதை மறுத்து, அதற்குப் பிறகுதான் தன் கொள்கை. திருவாவடுதுறையும் தருமபுரமும் எங்கள் ஊர்களிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். அந்த மடங்களில் காலங்காலமாகப் படித்த முறையை சார் கரும்பலகைக்குக் கொண்டுவந்திருந்தார். விதி ஒன்றே ஒன்று. எதிரில் இருப்பவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை உங்கள் பதிலுக்கு இடமில்லை.

கேட்க லேசாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு கஷ்டமென்று.

அரசியல் அறிவியல் படிக்க யார் வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் குரூப் டூ, குரூப் ஃபோர் எழுதுகிறவர்கள். அரசியலமைப்புச் சட்டக் கூறுகள் மனப்பாடமானால் போதும் அவர்களுக்கு. சிலர் கேட்ட பாடம் கிடைக்காமல் வந்தவர்கள். ஒன்றிரண்டு பேர் கட்சிக் குடும்பம். அப்பா கிளைச் செயலாளர், தாத்தா மிசாவில் உள்ளே இருந்தவர். பெண்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் கிடைத்தது என்று வந்தவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இறையாண்மை, கூட்டாட்சி, பிரதிநிதித்துவம் என்று பேசினால், தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம். வியாழக்கிழமைகளில் பேசியதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

*

வியாழக்கிழமை தலைஞாயிற்றுப் பையன் வந்தான். பேசுகிறேன் என்றான்.

நடுவர் மன்றம் மொத்தம் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு நமக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது. நீதிமன்றம் அதை 404.25, 284.75 என்று மாற்றியது. குறைத்த 14.75-இல் பத்து டிஎம்சி, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. மிச்சம் 4.75, பெங்களூரின் குடிநீருக்காக. பெங்களூர் நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் அந்த அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்திருந்தது. நீதிமன்றம் முழு நகரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் அவன் தாளைப் பார்க்காமல் சொன்னான். குரல் முதலில் இறுகித்தான் இருந்தது.

1924 ஒப்பந்தத்துக்கு வந்தான். மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் போட்ட ஒப்பந்தம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் அரசு, மறுபக்கம் அதற்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம், சமமான இருவர் போட்ட கையெழுத்தா அது என்று மாண்டியாவில் ஒருத்தன் கேட்டால் நாம் என்ன சொல்வோம் என்று கேட்டான். அந்த வாதத்தை நீதிமன்றமே ஏற்கவில்லை, ஒப்பந்தம் செல்லும், ஐம்பது வருடம் முடிந்து 1974-இல் காலாவதியானது என்றுதான் சொன்னது என்பதையும் மறைக்காமல் சொன்னான். “ஆனா அந்தக் கேள்வி அவங்களுக்கு நிஜமான கேள்வி” என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“அந்த 4.75-ல எங்க சித்தப்பா வீட்டுக் குடமும் இருக்கு. அவரு திரும்பி அங்கதான் போனாரு. இங்க வேலை இல்ல. எங்க ஊருக்கு வராத தண்ணியத்தான் அவரு அங்க குடிக்கிறாரு.”

எட்டு வருடமாக இந்த வரிகளை மனசில் வைத்திருக்கிறேன். கர்நாடகத்துக்காக ஒரு வக்கீல் இப்படி வாதாடியிருக்க முடியாது. தன் வயலை விட்டுக்கொடுக்காமல், அந்தப் பக்கத்துத் தாகத்தையும் அவன் தன் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டான்.

அன்றைய விவாதம் அதோடு முடிந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். முடியவில்லை.

பின்வரிசையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். அவள் எழுந்தாள். “419-ஓ 404-ஓ, அதுல எங்களுக்கு எத்தனை டிஎம்சி?” என்றாள்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அவளே சொன்னாள். அவர்களுக்கு வயல் கிடையாது. அம்மாவும் அப்பாவும் கூலிவேலை. தண்ணீர் தாமதமானால் நேரடி விதைப்பு, நடவு வேலை போகும். தண்ணீர் நன்றாக வந்து விளைந்தாலும் அறுப்புக்கு மெஷின் வந்துவிடும். அம்மாவுக்கு வருடத்தில் கிடைக்கிற வயல்வேலையை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாள் நூறு நாள் வேலை. “தண்ணிக்காக ரோட்ல உட்காரும்போது எங்க தெருவையும் கூப்பிடறாங்க. போறோம். எங்க அப்பா ரயில் மறியல்ல உள்ள போயிருக்காரு. நாங்க எந்தத் தண்ணிக்குப் போனோம்னு எனக்குத் தெரியணும்.”

அவளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் கும்பகோணம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். நல்லவன். எங்கள் துறையின் மாணவர் மன்றத்துக்கு வேண்டிய எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவன். அவன்தான் பதில் சொல்ல எழுந்தான். விதிப்படி முதலில் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“விவசாயம் அழிஞ்சாலும் பரவால்லன்னு சொல்ற.”

“இல்லண்ணா. நான் அதைச் சொல்லல.”

அவன் முகம் சிவந்தது. சார் கரும்பலகை ஓரமாகவே நின்றார். அவன் மறுபடி யோசித்தான்.

“கூலி கட்டுப்படியாகலன்னு சொல்ற. கூலி ஏத்தணும்ங்கற.”

“கூலி மட்டும் இல்லண்ணா.”

இந்த இடத்தில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க அப்பாவும் கடன்லதான் இருக்காரு. சொசைட்டியில நகைக்கடன். இப்ப யாரு இங்க மிராசு?” என்றான். அவன் சொன்னதிலும் பொய்யில்லை. 2016-இல் மழையும் பொய்த்து, மேட்டூரும் கைவிட்டு, மறுவருடம் ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். அந்த சம்பாவில் அவன் வீட்டில் ஒரு மூட்டைகூடத் தேறவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதி விதிதான். அவளுடைய பேச்சை அவன் இன்னும் அவளிடம் ஒப்படைக்கவில்லை.

அவள் அவனுக்கு உதவுவது போல ஒன்று சொன்னாள். “அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுதாண்ணா வெண்மணி.” அவ்வளவுதான் சொன்னாள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர். அந்த அறையில் அதைத் தெரியாதவர் இல்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எழுதியும் இருக்கிறோம். அதன்பிறகு அரசு ஆணையம் வைத்து 1969-இல் கூலிச் சட்டம் கொண்டுவந்தது என்பது வரை எழுதுவோம். பெஞ்சில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவள் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை.

மூன்றாவது தடவை அவன் மெதுவாகப் பேசினான். சொல் சொல்லாகப் பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தது.

“போராடக் கூப்பிடும்போது ‘நம்ம தண்ணி’ன்னு கூப்பிடறோம். தண்ணி வந்தப்புறம் ‘என் வயல்’னு சொல்லிடறோம். இடையில அந்த ‘நம்ம’ எங்க போச்சுன்னு கேக்கற.”

“ஆமா. அதைத்தான் சொன்னேன்.”

அவனுக்கு அதன்பிறகு பதில் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன் சார்” என்று உட்கார்ந்துவிட்டான்.

சாரைப் பற்றி ஒரு விஷயம் எழுதித்தான் ஆக வேண்டும். அவரும் நிலமுள்ள குடும்பத்திலிருந்து வந்தவர். அந்த அரைமணி நேரம் அவர் வாயைத் திறக்கவேயில்லை. அது நிதானம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண் தனியாக நின்று இரண்டு தடவை “இல்லண்ணா” சொல்ல வேண்டி வந்தது. வகுப்பில் ஒரு ஆளாவது, அவராவது, “அவ கேக்கறது சரியான கேள்வி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டிலும் இரண்டு மா நிலம் இருந்தது.

*

வாதம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காவிரி கடலோடு சேருகிற புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்து சொல்லும் செய்தியில், சமய வாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுங்கள் என்று அழைக்கிறது மணிமேகலை. அதற்கு அடுத்த வரிகள் எனக்கு இன்னும் பிடிக்கும். பகைவராகவே இருந்தாலும் அவரோடு சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்கிறது.

வலங்கைமானில் பிறந்து கும்பகோணம் கல்லூரியில் படித்த சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஆங்கிலப் பேச்சுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். அவர் போன சில வருடத்தில் அதே வளாகத்தில் திருக்கண்ணபுரத்து நெடுஞ்செழியனும் காட்டூர் அன்பழகனும் தமிழ் படித்துக்கொண்டே சுயமரியாதை பேசினார்கள். ஒரே ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்து, ஒரே வளாகத்தில், முற்றிலும் வேறான இரண்டு நாவுகள். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் சுட்டுக்கொல்லப்பட்டதும் அங்கேதான். பேச்சு எங்கள் பக்கத்தில் சும்மா பொழுதுபோக்காக இருந்ததில்லை.

இந்த வரிசையில் நான் அதிகம் நினைப்பது பி. சீனிவாச ராவை. தென் கன்னடத்தில் பிறந்தவர். தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, சேரிகளில் தங்கி, பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அந்தப் போராட்டங்களின் அழுத்தம் இருந்தது. 1961-இல் இறந்தார். நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. அந்தப் பெண் பஸ்ஸில் தினமும் கடந்து வருகிற ஊர். காவிரிக்காக நாம் ‘கன்னடன்’ என்று ஒற்றைச் சொல்லில் எதிரியை அடைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. அவர் வந்த பிறகுதான் இங்கே ஒரு பண்ணையாள் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பேசினான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இத்தனை வளமான இடத்தில் இன்று விவாதம் என்றால் பட்டிமன்றம் என்றாகிவிட்டது. எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டால் எந்தப் பக்கமும் பேசுவார்கள். நடுவர் கடைசியில் இரண்டையும் தடவிக்கொடுத்து அனுப்புவார். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. பேசுகிறவருக்கு அதில் எதையாவது இழக்க வேண்டியிருந்தால்தான் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். தலைஞாயிற்றுப் பையனும் எதிர்ப்பக்கம்தான் பேசினான். ஆனால் அவன் தன் சித்தப்பாவைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது.

*

அந்த மார்ச்சில் துறை மன்றத்தின் ஆண்டு விழா. நான் மன்றச் செயலாளர். அந்த வியாழக்கிழமையை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. ‘காவிரி யாருக்கு?’ என்று தலைப்பு வைத்தோம். கடைமடையிலிருந்து இரண்டு விவசாயிகள், இரண்டு விவசாயத் தொழிலாளர்கள், அவர்களுக்கு எதிரே நாங்கள். அதே பரபக்க விதி. தொழிலாளர்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் அம்மா. வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

கடிதம் நிர்வாகத்துக்குப் போனது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. தலைப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, ‘நீர் மேலாண்மையில் இளைஞர் பங்கு’. சிறப்பு விருந்தினர் பெயரும் அவர்களே எழுதியிருந்தார்கள். அரசியல் தலைப்பு வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அரசியல் அறிவியல் துறைக்கு.

பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும். 2017 ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, தீப்பிடித்து, தடியடி, கைது என்று ஊரே கொந்தளித்தது. அடுத்த மாதம் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாணவர், காவிரி, விவசாயி என்ற மூன்று சொல்லும் ஒரே அழைப்பிதழில் வந்தால் மேலேயிருந்து போன் வரும் என்று நினைத்திருப்பார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை மன்னிக்க முடியவில்லை.

மாற்றிய தலைப்பின் கீழ் செயலாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். படிப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். கேள்வி நேரம் வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு வர வேண்டாம் என்று நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். “சரிம்மா, இன்னைக்கு வேலைக்குப் போயிக்கறேன்” என்றார். எங்களுக்காக அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கும்பகோணத்துக்காரன் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றானே, அந்தப் பதில் வரவேயில்லை. ஆண்டு விழா, தேர்வு என்று வியாழக்கிழமைகள் போய்விட்டன. அந்த நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, கடைமடையில் தென்னை ஒன்றையும் விடவில்லை. அவன் ஒரு லாரி பிடித்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு முதலில் போய் இறங்கியது அவள் தெருவில். அதை அவன் பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். “அது உதவி, அக்கா. பதில் வேற” என்றாள். அவள் இப்போது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தலைஞாயிற்றுப் பையனும் கடைசியில் பெங்களூர்தான் போனான்.

*

நான் இப்போது டெல்டாவிலேயே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வருகிற பிள்ளைகள் எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள். எந்தத் தலைவர் எங்கே என்ன பேசினார் என்பதை ஒரு நிமிடத் துண்டு வீடியோவாகக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்று கேட்டால் போனைப் பார்க்கிறார்கள். பரபக்கத்தை ஆரம்பித்தேன். வியாழக்கிழமை எனக்குக் கிடைக்கவில்லை, செவ்வாய் கடைசி மணி நேரம். முதல் மாதம் யாராலும் ஒரு தடவைகூட “ஆமா” வாங்க முடியவில்லை.

போன வாரம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கும் 2020-இன் வேளாண் மண்டலச் சட்டம். எட்டு வருடம் கழித்து, வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே மேட்டூர் அணையைத் திறந்த அதே வருடத்துச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், பிறகு புதுக்கோட்டையிலும் கடலூரிலும் சில ஒன்றியங்கள். காட்டுமன்னார்கோயில் உண்டு, குமராட்சி உண்டு. மயிலாடுதுறை தனி மாவட்டமானபின் அதையும் சேர்த்தார்கள். திருச்சியும் அரியலூரும் இல்லை. ஏற்கெனவே நடக்கும் எண்ணெய், எரிவாயுப் பணிகளைச் சட்டம் தொடவில்லை என்பதையும் படித்தோம்.

திருச்சி மாவட்டத்து லால்குடிப் பையன் ஒருவன் எழுந்துவிட்டான். “அய்யன் வாய்க்கால்ல ஓடறது காவிரி இல்லையா மேடம்? நாங்க டெல்டா இல்லையா?” வகுப்பே அவன் பக்கம் சாய்ந்தது. எனக்கும் அவன் பக்கம்தான்.

“அடுத்த செவ்வாய் நீதான் பரபக்கம்” என்றேன். “லால்குடியை ஏன் சேர்க்கலைன்னு அரசாங்கத்துக்காக நீ பேசணும்.”

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். பேசமாட்டேன் என்று சொல்வான் என்று காத்திருந்தேன். நோட்டை எடுத்து எதையோ எழுதினான். “ஒரு வாரம் பத்தாது மேடம். ரெண்டு வாரம் குடுங்க. எங்க ஊர்ல சிமெண்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க இருக்காங்க, அவங்களைப் பாத்துக் கேக்கணும்.”